தொண்டைப் புற்றுநோயும் வைரஸும்: வாசகர் கேள்வி, வைத்தியர் பதில்

சென்ற இதழில் வெற்றிலை, பாக்கு, வாய்ப் புற்றுநோய் ஆகியவை பற்றி எழுதியதன் பின்னர் திருகோணமலை மாவட்டத்தின் பல ஊர்களிலிருந்தும் கடிதங்கள் வந்திருக்கின்றன. அவற்றுள் கணிசமானவை "வைரஸாலும் தொண்டையில் புற்றுநோய் வருமாமே, உண்மையா?" என்ற சந்தேகத்தையே வெவ்வேறு விதமாகக் கேட்கின்றன. ஆகவே இம்முறை அக்கேள்விகளுக்கு மட்டுமே இடம் ஒதுக்கியிருக்கிறேன். எழுதியவர்களின் பெயர்களைத் தவிர்த்திருக்கிறேன்.

கேள்வி: என் கணவருக்கு 52 வயது. சிகரெட், சாராயம், வெற்றிலை எதுவும் அவருக்குப் பழக்கமில்லை. சவரம் செய்யும்போது கழுத்தின் வலப் பக்கத்தில் நோவில்லாத ஒரு கட்டி கையில் தட்டுப்பட்டது. ஊசியால் நீரை எடுத்துப் பார்த்துவிட்டு முதலில் நீர்க்கட்டி என்றார்கள். பின்னர் டொன்சிலிலிருந்து சதை எடுத்துச் சோதித்தபோது புற்றுநோய் என்றும், "பீ16 பொசிட்டிவ்" என்றும் அறிக்கை வந்தது. இது பாலுறவால் தொற்றும் வைரஸால் வருவது என்று இணையத்தில் வாசித்த நாள் முதல் எனக்கு நித்திரை இல்லை. அவரிடம் கேட்கவும் முடியவில்லை, கேட்காமல் இருக்கவும் முடியவில்லை.
– வாசகி ஒருவர், உப்புவெளி

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தின் கடைசி வரிக்கே முதலில் பதில் சொல்ல வேண்டும். இந்த அறிக்கை உங்கள் கணவரின் நடத்தைக்குச் சான்றிதழும் அல்ல, அவர் மீதான குற்றப்பத்திரிகையும் அல்ல. மனித பப்பிலோமா வைரஸ், சுருக்கமாக எச்.பி.வி., தாம்பத்திய வாழ்வில் ஈடுபடும் பெரும்பாலானோரின் உடலுக்குள் வாழ்நாளில் ஒரு தடவையாவது வந்து போகின்ற மிகச் சாதாரணமான வைரஸாகும். வந்தவர்களில் மிகப் பலருக்கு எந்த அறிகுறியும் தெரிவதில்லை. ஓரிரு ஆண்டுகளுக்குள் உடலின் எதிர்ப்புச் சக்தியே அதை அகற்றிவிடுகிறது. மிகச் சிலரில் மட்டும், ஏன் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாதபடி, அது தங்கிவிடுகிறது. அவ்வாறு தங்கிய நாளுக்கும் கழுத்தில் கட்டி தட்டுப்படும் நாளுக்கும் இடையில் பத்து, இருபது ஆண்டுகள், சிலரில் அதற்கும் மேல் கடந்திருக்கலாம். ஐரோப்பாவில் நீண்டகால ஆய்வொன்றுக்காகச் சேமித்து வைத்திருந்த இரத்த மாதிரிகளை எடுத்துச் சோதித்து 2013ஆம் ஆண்டு வெளியிட்ட முடிவுகளில், பிற்காலத்தில் இந்நோய்க்கு ஆளானவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரின் இரத்தத்தில் இவ்வைரஸின் புரதமொன்றுக்கு எதிராக உடல் உருவாக்கிய எதிர்ப்புப் பொருட்களான பிறபொருளெதிரிகள் காணப்பட்டன. சிலரில் அவை நோய் கண்டறியப்படுவதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்னரே இருந்திருக்கின்றன. எனவே இது எப்போது, யாரிடமிருந்து, திருமணத்துக்கு முன்பா பின்பா என்ற கேள்விகளுக்கு எந்த ஆய்வுகூடத்தாலும் விடை தர முடியாது. வாழ்நாளில் துணைவர்களின் எண்ணிக்கை கூடும்போது ஆபத்து கூடுகிறது என்பது உண்மைதான். ஆனால் ஒரே ஒரு துணையுடன் வாழ்ந்தவர்களிலும் இந்நோய் காணப்படுகிறது. வாய்க்குள் இந்த வைரஸ் சென்று சேரும் முதன்மையான வழி வாய்வழிப் பாலுறவு. கணவன் மனைவிக்கிடையே இயல்பாக நிகழக்கூடிய ஒன்றை மூன்றாம் மனிதரைத் தேடுவதற்கான காரணமாக ஆக்கிக்கொள்ள வேண்டாம்.

இனி, புகைக்காத ஒருவரின் டொன்சிலில் இது எப்படி நிகழ்கிறது என்பதைப் பார்ப்போம். நாம் பொதுவாகத் தொண்டை என்று சொல்வது ஒரே இடமன்று. மூக்குக்குப் பின்புறம் ஒரு பகுதி, வாய்க்குப் பின்புறம் டொன்சில்களும் நாக்கின் அடிப்பகுதியும் அமைந்த ஒரு பகுதி, அதற்குக் கீழே குரல்வளை என அது பிரிகிறது. எச்.பி.வி. புற்றுநோயை உண்டாக்குவது பெரும்பாலும் நடுவிலுள்ள பகுதியில்தான். டொன்சிலின் மேற்பரப்பில் ஆழமான மடிப்புகள் உள்ளன. அம்மடிப்புகளின் உட்புறத் தோல் மெல்லியதாகவும் இடைவெளிகள் கொண்டதாகவும் இருப்பதால், வைரஸ் தனக்குத் தேவையான அடித்தளக் கலங்களை அங்கே எளிதில் சென்றடைகிறது. எச்.பி.வி.யில் 200க்கும் மேற்பட்ட வகைகள் அறியப்பட்டிருந்தாலும், தொண்டையில் புற்றுநோயை உண்டாக்குவதில் 16ஆம் வகையே பெரும்பங்கு வகிக்கிறது. இவ்வகையை 1983ஆம் ஆண்டு கருப்பைக் கழுத்துப் புற்றுநோயில் இனங்கண்ட ஜெர்மானிய விஞ்ஞானி ஹரால்ட் சூர் ஹவுசனுக்கு 2008ஆம் ஆண்டு நோபல் பரிசு வழங்கப்பட்டது. இவ்வைரஸ் உற்பத்தி செய்யும் இரண்டு புரதங்களே இங்கே தீங்கு செய்பவை. ஈ6 என்பது, பழுதடைந்த கலம் மேலும் பெருகாமல் தடுக்கின்ற பீ53 என்ற புரதத்தை அழித்துவிடுகிறது. ஈ7 என்பது, கலப்பிரிவைக் கட்டுக்குள் வைத்திருக்கும் ஆர்பீ என்ற புரதத்தைச் செயலிழக்கச் செய்கிறது. இரண்டு தடைகளும் நீங்கிய கலம் பெருகிக்கொண்டே போகிறது. ஆண்டுக்கணக்கில் அதில் வேறு பழுதுகளும் சேர்கின்றன.

உங்கள் கணவரின் அறிக்கையிலுள்ள "பீ16" என்பது வைரஸின் பெயரல்ல. ஆர்பீ செயலிழந்ததும் கலத்துக்குள் பீ16 என்ற நம்முடைய சொந்தப் புரதம் அளவுக்கு மீறிச் சுரக்கிறது. சதைத் துண்டுக்குச் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்க்கும்போது கலங்கள் பழுப்பு நிறமாகத் தெரியும். புற்றுநோய்க் கலங்களில் 70 சதவீதம் அல்லது அதற்கு மேற்பட்டவை அடர்த்தியாக நிறமேறியிருந்தால் பொசிட்டிவ் என்று எழுதுவார்கள். இது வைரஸ் இருப்பதற்கான மறைமுக அடையாளமே ஆகும். வைரஸின் பங்கு குறைவாக உள்ள நாடுகளில் பீ16 பொசிட்டிவாக இருந்தும் வைரஸ் இல்லாத நோயாளிகள் ஒப்பீட்டளவில் அதிகம். ஆதலால் வைரஸின் மரபணுவையே நேரடியாகத் தேடும் பரிசோதனைக்கு வசதி உண்டா என்று உங்கள் வைத்தியரைக் கேட்பதில் தவறில்லை.

கழுத்துக் கட்டி முதலில் நீர்க்கட்டியாகத் தோன்றியதற்கும் காரணம் உண்டு. இவ்வகைப் புற்றுநோயில் டொன்சிலிலுள்ள மூலக்கட்டி பெரும்பாலும் சிறியதாக, மடிப்புக்குள் மறைந்திருக்கும். அது பரவிய நெறிகட்டியோ உள்ளே நீர் கோத்துப் பெரிதாகத் தெரியும். நாற்பது வயதைத் தாண்டிய ஒருவரின் கழுத்தில் புதிதாகத் தோன்றும் நீர்க்கட்டியை, வேறுவிதமாக உறுதிப்படும் வரையில், புற்றுநோயாக இருக்கலாம் என்று எண்ணியே ஆராய வேண்டும் என்பது காது, மூக்கு, தொண்டை வைத்தியத்தில் வலியுறுத்தப்படும் பாடம்.

உங்களைப் பற்றி நீங்கள் எதுவும் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். இத்தகைய நோயாளிகளின் துணைவர்களை ஆராய்ந்தபோது, அவர்களின் வாயில் இவ்வைரஸ் மற்றவர்களைவிடக் கூடுதலாகக் காணப்படவில்லை. நீங்கள் இருவரும் ஒதுங்கி வாழ வேண்டிய அவசியம் இல்லை. சுகவனிதையர் கிளினிக்கில் கருப்பைக் கழுத்துப் பரிசோதனையை இதுவரை செய்யாதிருந்தால் செய்துகொள்ளுங்கள். அது எல்லாப் பெண்களுக்கும் உரிய ஆலோசனைதான், கணவரின் நோய்க்காக மட்டும் சொல்லப்படுவதல்ல.

கேள்வி: எங்கள் ஊரில் கல்யாண வீடுகளில் ஒரு சஹனைச் சுற்றி ஐந்தாறு பேர் இருந்து சாப்பிடுவது வழக்கம். ஒருவருக்கு இந்த வைரஸ் இருந்தால் மற்றவர்களுக்கும் ஒட்டுமா?
– வாசகர், கிண்ணியா

பதில்: ஒட்டாது. ஒரே தட்டில் உண்பதாலோ, ஒரே கோப்பையில் தேநீர் அருந்துவதாலோ, நோயாளியின் பக்கத்தில் இருப்பதாலோ இப்புற்றுநோய் பரவியதற்குச் சான்றில்லை. நோயாளிக்கென்று வீட்டில் தனித் தட்டும் தனிக் கோப்பையும் எடுத்து வைப்பதை நான் கண்டிருக்கிறேன். அதனால் யாருக்கும் பாதுகாப்புக் கிடைப்பதில்லை, நோயாளியின் மனம்தான் நோகிறது. சஹனில் அவருக்கும் இடம் கொடுங்கள்.

கேள்வி: என் தகப்பனாருக்கு 70 வயது. புகையிலையோடு வெற்றிலை போடுவதை நிறுத்தச் சொன்னால், "இப்போது வைரஸால்தான் புற்றுநோய் வருகிறதென்று டொக்டர்மாரே சொல்கிறார்கள், வெற்றிலையைக் குறை சொல்லாதே" என்கிறார். அவருக்கு என்ன சொல்வது?
– வாசகர், மூதூர்

பதில்: ஐயா, உங்கள் தகப்பனார் கெட்டிக்காரர், ஆனால் வழக்கின் ஒரு பக்கத்தை மட்டும் வாசித்திருக்கிறார். இலங்கையில் ஆண்களிடையே மிகுதியாகக் காணப்படுவது வாய்ப் புற்றுநோயே. கன்னத்தின் உட்புறம், நாக்கின் ஓரம், ஈறு ஆகிய இடங்களில் தோன்றும் அந்நோய்க்கு முதற்காரணங்கள் புகையிலையும் பாக்கும், அங்கே எச்.பி.வி.யின் பங்கு மிகக் குறைவு. புகையிலை சேராத வெறும் பாக்கையே உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004ஆம் ஆண்டு புற்றுநோயை உண்டாக்கும் பொருட்களின் முதலாம் வகுப்பில் சேர்த்துவிட்டது. கடையில் கிடைக்கும் பாபுல் போன்ற இனிப்புச் சேர்த்த பொட்டலங்களுக்கும் இது பொருந்தும்.

வைரஸும் புகையிலையும் ஒன்றையொன்று விலக்கும் காரணங்கள் அல்ல. அமெரிக்காவில் 100 நோயாளிகளையும், நோயில்லாத 200 பேரையும் ஒப்பிட்டு 2007ஆம் ஆண்டு வெளியான ஆய்வொன்றில், வாய்க்குப் பின்புறத் தொண்டையில் தோன்றிய கட்டிகளில் 72 சதவீதமானவற்றில் 16ஆம் வகை வைரஸின் மரபணு இருந்தது. புகைத்தவர், புகைக்காதவர் என்ற பேதமின்றி அத்தொடர்பு வலுவாக இருந்தது. ஆனால் வைரஸால் நோயுற்றவர் புகைப்பவராகவும் இருந்தால், சிகிச்சைக்குப் பின்னர் அவர் உயிர் பிழைக்கும் வாய்ப்பு ஆண்டுக்கணக்கான புகைத்தலுக்கு ஏற்பக் குறைகிறது. மேலும் அந்த 72 சதவீதம் அமெரிக்காவின் கணக்கு. தெற்காசியாவில் புகையிலையும் பாக்கும் மேலோங்கி நிற்பதால் தொண்டைப் புற்றுநோயில் வைரஸின் பங்கு அதைவிடக் குறைவாகவே இருக்கிறது. உங்கள் தகப்பனார் வைரஸைச் சாக்காகச் சொல்லக்கூடிய நாட்டில் பிறக்கவில்லை என்று அவரிடம் சொல்லுங்கள். கன்னத்தின் உட்புறத்தில் வெள்ளைப் படலமோ, ஆறாத புண்ணோ, வாயைத் திறக்கும்போது இறுக்கமோ இருக்கிறதா என்று பல் வைத்தியரிடம் ஒரு தடவை காட்டிவிடுங்கள்.

கேள்வி: கருவாடு சாப்பிட்டால் தொண்டைப் புற்றுநோய் வருமென்றும், அதற்கும் ஒரு வைரஸ் உண்டென்றும் வட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. நாங்கள் தலைமுறை தலைமுறையாகக் கருவாடு போடுகிறவர்கள்.
– வாசகி, குச்சவெளி

பதில்: வட்ஸ்அப் செய்தியில் பாதி உண்மை இருக்கும்போதுதான் அது கூடுதல் குழப்பம் தருகிறது. எப்ஸ்டைன்-பார் வைரஸ் என்ற வேறொரு வைரஸ் 1964ஆம் ஆண்டு கண்டறியப்பட்டது. உலகில் வளர்ந்தவர்களில் 90 சதவீதத்துக்கும் மேலானோர் அதை உடலில் சுமக்கிறார்கள், உங்களையும் என்னையும் சேர்த்து என்றே கொள்ளலாம். மூக்குக்குப் பின்புறத் தொண்டையில் தோன்றும் புற்றுநோயோடு அதற்குத் தொடர்பு உண்டு. ஆனால் வைரஸ் உலகமெங்கும் இருக்க, அந்நோய் தென் சீனாவிலும் தென்கிழக்காசியாவின் சில பகுதிகளிலுமே மிகுதியாக இருக்கிறது. ஆகவே வைரஸ் மட்டும் போதாது, பரம்பரையும் உணவும் அதனோடு சேர வேண்டும் என்பது தெளிவு. புற்றுநோயை உண்டாக்கும் பொருட்களின் முதலாம் வகுப்பில் சேர்க்கப்பட்டது "சீன முறையில் உப்பிட்ட மீன்". சில இடங்களில் உப்பிடும் முன்னரே மீனைச் சற்று அழுக விடுவார்கள். அதில் புற்றுநோயைத் தூண்டக்கூடிய நைட்ரோசமைன் என்ற பொருட்கள் உருவாகின்றன. அம்மீனைக் குழந்தைப் பருவத்திலிருந்தே ஊட்டுவது அங்கே வழக்கமாக இருந்தது. நல்ல மீனைக் கீறி, உப்பிட்டு, கடற்கரை வெயிலில் காயவிடும் உங்கள் கருவாட்டை அப்படியே அந்தப் பட்டியலில் தூக்கிப் போட முடியாது. உப்பு மிகுதி என்பதற்காக, இரத்த அழுத்தம் உள்ளவர்கள் கருவாட்டைக் குறைக்க வேண்டும் என்பது வேறு கதை.

கேள்வி: நான் டியூசன் ஆசிரியர். ஒரு மாதமாகக் குரல் கரகரக்கிறது. இதுவும் வைரஸாக இருக்குமா?
– வாசகர், உவர்மலை

பதில்: தடிமனோடு வரும் கரகரப்பும் வைரஸால்தான் வருகிறது, ஆனால் அது ஓரிரு வாரங்களில் போய்விடும். மூன்று வாரங்களைத் தாண்டிய கரகரப்பைக் குரலை அதிகம் பயன்படுத்துவதன் விளைவு என்று தாமாகவே முடிவு செய்யக் கூடாது. குரல்வளைப் புற்றுநோயில் எச்.பி.வி.யின் பங்கு சிறியது. புகைத்தலும் மதுவுமே முதன்மையானவை. எச்.பி.வி.யின் 6ஆம், 11ஆம் வகைகள் குரல்வளையில் மரு போன்ற வளர்ச்சிகளை, சில வேளைகளில் சிறுவர்களிலும், உண்டாக்குவதுண்டு. அவை பெரும்பாலும் புற்றுநோய் அல்ல, ஆயினும் வெட்டி அகற்றினாலும் திரும்பத் திரும்ப வளரும். காது, மூக்கு, தொண்டை கிளினிக்கில் மெல்லிய குழாயை மூக்கினூடாகச் செலுத்திக் குரல்வளையைப் பார்க்கச் சில நிமிடங்களே ஆகும். இந்த வாரமே போய்க் காட்டுங்கள்.

கேள்வி: தரம் 6இல் என் மகளுக்குப் பாடசாலையில் எச்.பி.வி. தடுப்பூசி போட்டார்கள். கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கு என்றார்கள். தொண்டைக்கும் அது பாதுகாப்புத் தருமா? 13 வயது மகனுக்கும் போட வேண்டுமா?
– ஆசிரியை, தம்பலகாமம்

பதில்: இலங்கையில் இத்தடுப்பூசி 2017ஆம் ஆண்டு தேசிய தடுப்பூசித் திட்டத்தில் சேர்க்கப்பட்டு, தரம் 6 மாணவிகளுக்கு வழங்கப்பட்டு வருகிறது. தடுப்பூசிக்குள் வைரஸின் மரபணு கிடையாது, அதன் வெளிக்கூட்டின் புரதம் மட்டுமே உண்டு. ஆதலால் அது தொற்றை உண்டாக்க வழியில்லை. தொண்டையைத் தாக்கும் 16ஆம் வகையே கருப்பைக் கழுத்தையும் பெரும்பாலும் தாக்குவது என்பதால், ஒன்றுக்காகப் போட்ட ஊசி மற்றதற்கும் உதவும் என்று எதிர்பார்ப்பதில் நியாயம் இருக்கிறது. கொஸ்தாரிக்காவில் இளம் பெண்களிடையே நடத்திய ஆய்வில், ஊசி போட்டு நான்கு ஆண்டுகளின் பின்னர், வாயில் 16ஆம், 18ஆம் வகைத் தொற்று 93 சதவீதம் குறைந்திருந்தது. ஒன்பது வகைகளுக்கு எதிரான தடுப்பூசிக்கு, தலை, கழுத்துப் புற்றுநோய்களைத் தடுப்பதையும் ஒரு பயனாக அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2020ஆம் ஆண்டு ஏற்றுக்கொண்டது. நோய் தோன்றப் பல பத்தாண்டுகள் எடுப்பதால், தொண்டைப் புற்றுநோய் உண்மையிலேயே குறைந்துவிட்டது என்று எண்ணிக் காட்ட இன்னும் காலம் வேண்டும். அதுவரை தொற்றுக் குறைவையே சான்றாகக் கொள்கிறோம்.

ஆண் பிள்ளைகள் விடயத்தில் என் கருத்தை மறைக்காமல் சொல்கிறேன். தொண்டையில் வரும் எச்.பி.வி. புற்றுநோய் பெண்களைவிட ஆண்களிடமே பல மடங்கு அதிகம். அமெரிக்காவில் அது கருப்பைக் கழுத்துப் புற்றுநோயை எண்ணிக்கையில் முந்திவிட்டது. அவுஸ்திரேலியா 2013ஆம் ஆண்டிலும் பிரித்தானியா 2019ஆம் ஆண்டிலும் பாடசாலை மாணவர்களையும் தங்கள் திட்டங்களில் சேர்த்தன. வரையறுக்கப்பட்ட வளத்தோடு இயங்கும் ஒரு நாடு மாணவிகளுக்கு முதலிடம் கொடுப்பது சரியான முடிவே. பெண்களில் பெரும்பாலானோர் ஊசி பெற்றால் ஆண்களுக்கும் மறைமுகப் பாதுகாப்புக் கிடைக்கிறது. எனினும் வசதியுள்ள பெற்றோர் மகனுக்கும் போட விரும்பினால், குழந்தை நல வைத்தியரோடு பேசித் தனியார் முறையில் போடுவதை நான் ஊக்குவிப்பேன். 13 வயது அதற்கு ஏற்ற வயதே. ஏற்கெனவே உள்ள தொற்றை இந்த ஊசி அகற்றாது, புற்றுநோயையும் குணப்படுத்தாது; ஆகவே தொற்று வருவதற்கு முன்னர் போட்டால்தான் முழுப் பயன். "இந்த வயதில் எதற்கு இந்த ஊசி" என்று முகம் சுளிக்கும் பெற்றோரைப் பாடசாலைகளில் சந்திக்கிறோம். அந்த வயதில் போடுவதன் காரணமே அதுதான்.

கேள்வி: என் அண்ணனுக்கு நாக்கின் அடிப்பகுதியில் புற்றுநோய். வைரஸால் வந்தது, நன்றாகக் குணமாகக்கூடிய வகை என்று வைத்தியர் கூறினார். அப்படியானால் ஏழு வாரங்கள் கதிர்வீச்சும் அதனோடு மருந்தும் எதற்கு? குறைத்துக் கொடுக்கக் கூடாதா?
– வாசகர், திருகோணமலை நகர்

பதில்: வைத்தியர் கூறியது சரி. 2010ஆம் ஆண்டு வெளியான பெரிய ஆய்வொன்றில், மூன்று ஆண்டுகளின் பின்னர் உயிரோடு இருந்தவர்கள் வைரஸால் நோயுற்றவர்களில் 82 சதவீதமும், வைரஸ் இல்லாதவர்களில் 57 சதவீதமுமாக இருந்தனர். வைரஸால் மாறிய கலங்கள் கதிர்வீச்சுக்கும் மருந்துக்கும் எளிதில் இணங்குகின்றன. இவ்வேறுபாடு பெரிதாக இருந்ததால், நோயின் நிலைகளைக் கணிக்கும் சர்வதேச முறையே இவ்வகைக்கு மட்டும் தனியாகத் திருத்தி எழுதப்பட்டது.

அப்படியானால் சிகிச்சையை இலேசாக்கலாமே என்று நீங்கள் கேட்டதை ஆய்வாளர்களும் கேட்டார்கள். வழமையான சிஸ்பிளாட்டின் மருந்துக்குப் பதிலாக, பக்கவிளைவு குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்து செற்றுக்சிமாப் என்ற மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். 2018ஆம் ஆண்டு வெளியான இரண்டு ஆய்வுகளிலும் அம்மருந்தைப் பெற்றவர்களே கூடுதலாக இறந்தார்கள், பக்கவிளைவும் எதிர்பார்த்தபடி குறையவில்லை. நல்ல எண்ணத்தோடு செய்த குறைப்பு நோயாளிக்குப் பாதகமாக முடியலாம் என்பதால்தான், ஆய்வுகளுக்கு வெளியே முழுச் சிகிச்சையையே கொடுக்கிறார்கள். உங்கள் அண்ணன் குறைக்கச் சொல்லிக் கேட்க வேண்டாம்.

அவருக்கு வேறு வழியில் உதவலாம். கதிர்வீச்சு தொடங்கும் முன்னர் பல் வைத்தியரிடம் அழைத்துச் சென்று, பிடுங்க வேண்டிய பற்களைப் பிடுங்கிவிடுங்கள். கதிர்வீச்சுக்குப் பின்னர் பல் பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் போகக்கூடும். மூன்றாம் வாரமளவில் வாய் புண்ணாகி, உமிழ்நீர் வற்றி, சோறு இறங்காது. அப்போது கஞ்சி, முட்டை, பால்மா என்று நிறை குறையாமல் பார்த்துக்கொள்வதும், நோவு இருந்தாலும் விழுங்கும் பயிற்சியைத் தினமும் செய்ய வைப்பதும் அவசியம். விழுங்காமல் விட்ட தசை பின்னர் விழுங்க மறுக்கும். மட்டக்களப்பு, கண்டி, மஹரகம என்று எங்கே சிகிச்சை பெற்றாலும், அந்த ஏழு வாரங்களுக்கும் அருகிலேயே தங்குவதற்கு இடம் பாருங்கள். தேர்த் திருவிழா, உறவினர் கல்யாணம், பஸ் இல்லை என்று இடையிடையே நாட்களைத் தவறவிடுகிறவர்களில் நோய் திரும்பும் வாய்ப்பு கூடுகிறது. தவிர்க்க முடியாமல் ஒரு நாள் தவறினால் அன்றைக்கே கிளினிக்குக்குத் தொலைபேசியில் அறிவியுங்கள். அந்த நாளை ஈடுசெய்யும் விதமாக அட்டவணையை மாற்றித் தருவார்கள்.